இரண்டு வால்வு ஆம்ப், ஒரே கூடம், மூன்று வாரம்

நண்பன் ஒருவன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறான். தன்னுடைய வாக்ஸ் ஏசி15 கிட்டார் ஆம்பை, அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டியை, எனக்கே விற்றுவிட்டுப் போவதாகச் சொன்னான். என்னிடம் ஏற்கெனவே ஃபெண்டரின் '65 டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப் இருக்கிறது. பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ள இடமும் இல்லை, பணமும் இல்லை. வாக்ஸை வாங்குவதென்றால் ஃபெண்டரை விற்றாக வேண்டும். "மூன்று வாரம் வைத்து வாசித்துப் பார், பிறகு சொல்" என்று சொல்லி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். அந்த மூன்று வாரத்தில் செய்ததையும் கேட்டதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் இரண்டும் என்னவென்று சொல்லிவிடுகிறேன். டீலக்ஸ் ரிவெர்ப் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் பிறந்த வடிவமைப்பு. 1960களின் நடுவில் வந்த கறுப்பு முகப்பு ஆம்பை 1993 முதல் மறுபதிப்பாகத் தயாரிக்கிறார்கள். 22 வாட், ஒரு 12 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதியில் இரண்டு 6வி6 வால்வு, மின்சாரத்தை நேராக்குவதற்கும் ஒரு வால்வு. வாக்ஸ் ஏசி15 இங்கிலாந்துக்காரர். கென்ட் மாவட்டத்தின் டார்ட்ஃபோர்டில் டிக் டென்னி வடிவமைத்து 1958இல் வெளிவந்தது. த ஷேடோஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவினர் அதை வாசித்துவிட்டு, பெரிய அரங்குகளுக்கு இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்டதால்தான் ஏசி30 உருவானது. என் கூடத்துக்கு வந்தது அந்தப் பரம்பரையின் இன்றைய பதிப்பு: 15 வாட், இரண்டு இஎல்84 வால்வு, 12 அங்குல செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கர். ஃபெண்டர் சுமார் 19 கிலோ, வாக்ஸ் சுமார் 22 கிலோ. இரண்டாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவனுக்கு அந்த மூன்று கிலோ நன்றாகவே தெரியும்.

வால்வு என்பது மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிக் குழாய். ஆங்கிலத்தில் அமெரிக்கர்கள் 'டியூப்' என்பார்கள். நமக்கு வால்வு ரேடியோ காலத்திலிருந்து அது வால்வுதான். நான் அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் மாலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை மாற்றி மாற்றிச் செருகி வாசித்தேன். அரை மணி நேரத்தில் முடிவு எடுத்துவிட்டேன்: வாக்ஸ்தான். ஒலி முன்னால் வந்து நின்றது, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது, ஃபெண்டர் அதற்குப் பக்கத்தில் ஒதுங்கிப்போனது போல இருந்தது. நண்பனுக்குத் தொலைபேசியில் சொல்லவும் செய்தேன்.

அந்த முடிவு தவறு. மறுநாள் காலையில் கைபேசியில் ஒலி அளவு காட்டும் செயலியை வைத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரு மீட்டர் முன்னால் அளந்தபோது, முதல் நாள் நான் வைத்திருந்த நிலையில் வாக்ஸ் 3 டெசிபெல் உரக்க ஒலித்துக்கொண்டிருந்தது. நம் காது உரக்கக் கேட்பதை 'நன்றாக இருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும். கீழ்ச்சுரமும் மேல்ச்சுரமும் நிறைவாகத் தெரியும், தெளிவு கூடியது போல இருக்கும். 3 டெசிபெல் அதற்குத் தாராளமாகப் போதும்.

வாட் கணக்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் அதைப் பார்த்து ஏமாறுகிறார்கள். 22 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் டெசிபெலில் 1.7கூட வராது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் ஏறும். 'இரண்டு மடங்கு சத்தம்' என்று காது உணர வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே ஃபெண்டர் வாக்ஸைவிட உரக்க ஒலிக்கும் என்று 22ஐயும் 15ஐயும் மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது. ஸ்பீக்கரும், எந்த இடத்தில் ஒலி உடைய, அதாவது கரகரப்பாக மாற, ஆரம்பிக்கிறது என்பதும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

இரண்டாவது வாரத்திலிருந்து ஒழுங்காகச் செய்தேன். ஒரு லூப்பர் பெடலில் நாலு வரி வாசித்துப் பதிந்துகொண்டேன்: ஒரு ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது), கொஞ்சம் தாளம் அடிக்கும் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது), ஒரு தனி வரி. அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டால் என் கை ஒரு முறை அழுத்தியும் மறுமுறை மெல்லவும் வாசித்துக் கணக்கைக் கெடுக்காது. ஒவ்வொரு முறையும் ஒரு மீட்டரில் 85 டெசிபெலுக்கு இரண்டையும் சமப்படுத்தினேன். பிறகு இரண்டுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, மகளை மாற்றிவிடச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், கிட்டார் வாசிப்பதில்லை. பத்து நிமிடம் கழித்து அவளே சொன்னாள்:

"அப்பா, இது மணி மாதிரி இருக்கிறது. அது யாரோ பேசுவது மாதிரி இருக்கிறது."

மணி என்று அவள் சொன்னது ஃபெண்டர். பேசுவது வாக்ஸ். மூன்று வாரத்தில் நான் எழுதிவைத்த குறிப்புகள் எதிலும் இதைவிடச் சரியான சொல் இல்லை.

அது ஏன் அப்படி என்பதற்குக் காரணம் உண்டு. ஃபெண்டரில் டிரெபிள் (மேல்ச்சுரம்), பேஸ் (கீழ்ச்சுரம்) என்று இரண்டு குமிழ்தான், நடுப்பகுதிக்கான மிட் குமிழே இல்லை. உள்ளே ஒரு ரெசிஸ்டர் அதை நிலையாகப் பிடித்துவைத்திருக்கிறது. அந்த டோன் சர்க்யூட் நடு அலைவரிசையை எப்போதும் கொஞ்சம் பள்ளமாக வைத்திருக்கும். மேலே பளபளப்பு, கீழே ஆழம், நடுவில் இடம். ஃபெண்டரில் கிட்டாரைச் செருக நார்மல், வைப்ரேட்டோ என்று இரண்டு சேனல் உண்டு. போதாததற்கு வைப்ரேட்டோ சேனலின் வால்யூமில் ஒரு சிறிய பிரைட் கெபாசிட்டர் நிரந்தரமாக இருக்கிறது. வால்யூம் குறைவாக இருக்கும்போது மேல்ச்சுரத்தை அது தனியாகக் கடத்திவிடும். மணியோசை அங்கிருந்து வருகிறது.

வாக்ஸில் பேச்சு இருப்பது நடு அலைவரிசை முழுசாக இருப்பதால். மனிதக் குரல் வாழும் இடமும் அதுதான். டாப் பூஸ்ட் சேனலில் டிரெபிள், பேஸ் என்று இரண்டு குமிழ் உண்டு. ஆனால் ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும். இரண்டையும் மேலே ஏற்றினால் நடுப்பகுதி தானாகக் குழிந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் மூன்று நாள் இரண்டையும் பாதிக்கு மேல் வைத்து, 'ஃபெண்டர் மாதிரியே கேட்கிறதே' என்று குழம்பினேன். டிரெபிள் 4, பேஸ் 3 என்று இறக்கியதும்தான் வாக்ஸ் வாக்ஸாகப் பேசியது. டோன் கட் என்ற குமிழையும் சொல்ல வேண்டும். அதைத் திருப்பத் திருப்ப மேல்ச்சுரம் குறையும். வழக்கத்துக்கு நேர்மாறு. கை பழகுவதற்கு ஒரு வாரம் ஆனது. ஆனால் பழகிய பிறகு அது எனக்கு மிகப் பிடித்த குமிழ். சத்தம் உடையும்போது வரும் கீச்சை மட்டும் அது தேய்த்து எடுத்துவிடும், கிட்டாரின் குரல் அப்படியே நிற்கும்.

ஒலி உடைவதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். இரண்டு ஆம்பும் உண்மையில் பிரிகிற இடம் அதுதான்.

ஃபெண்டரில் பவர் பகுதியிலிருந்து கொஞ்சம் ஒலியைப் பின்னால் திருப்பி அனுப்பி ஒலியைக் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. நெகடிவ் ஃபீட்பேக் என்பார்கள். அதனால் வால்யூம் 4 வரை ஸ்ட்ராட்டில் சுத்தமாகவே இருக்கும், இறுக்கமாக இருக்கும். 5ஐத் தாண்டியதும் சட்டென்று உடையும். அந்தச் சத்தம் அழகானது, ஆனால் பெரம்பூர் தெருவில் யாரும் அதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். மொத்தச் சத்தத்தைத் தனியாகக் குறைக்கும் மாஸ்டர் வால்யூம் குமிழ் கிடையாது.

வாக்ஸில் அந்த ஃபீட்பேக் இல்லை. பவர் வால்வுகளின் பயாஸும் (வாசிக்காதபோது வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்ற அமைப்பு) வேறு வகை, வால்வின் கேத்தோடு முனையிலேயே அமைந்தது. விளைவு, ஒலி எப்போது உடைகிறது என்று ஒரு கோடு போட்டுச் சொல்ல முடியாது. மெல்ல வாசித்தால் சுத்தம், கொஞ்சம் அழுத்தினால் ஓரத்தில் ஒரு கரகரப்பு, இன்னும் அழுத்தினால் பாட்டு. கிட்டாரின் வால்யூம் குமிழை 10லிருந்து 6க்கு இறக்கினால் மொத்தமாகத் தெளிந்துவிடுகிறது. நான் ஒலியை மாற்றும் கால் பெடல் எதுவும் இல்லாமல் ஒரு மணி நேரம் வாசித்த முதல் ஆம்ப் இதுதான். மோகனத்தில் ஒரு வரி எடுத்து, காந்தாரத்தில் கம்பியை வளைத்து நின்று அசைத்தேன். ஃபெண்டரில் அந்த அசைவு முடிவதற்குள் ஒலி இறங்கிவிடும். வாக்ஸில் அது கூடவே வந்தது. வளைத்த சுரம் கரைந்துபோகாமல் நீண்டு நின்றது. அன்றிரவு வாக்ஸை விடவே கூடாது என்று நினைத்தேன்.

மாஸ்டர் வால்யூம் இருப்பதால் இதை வீட்டில் கொஞ்சம் குறைத்தும் செய்ய முடிகிறது. ரொம்பக் குறைத்தால் பவர் வால்வுகள் வேலை செய்யாமல் முன்பகுதி மட்டும் உடையும். அது வேறு ஒலி, கொஞ்சம் எரிச்சல் தரும். மாஸ்டரைப் பாதிக்குக் கீழே இறக்க வேண்டாம் என்பது என் அனுபவம்.

ரிவெர்பில், அதாவது எதிரொலியில், ஃபெண்டரை எதுவும் தொட முடியாது. வால்வே ஸ்பிரிங்கை ஓட்டுகிறது. 3இல் வைத்தால் ஒரு பெரிய கோவிலுக்குள் வாசிப்பது போல இருக்கிறது. வாக்ஸின் ரிவெர்ப் நல்லதுதான், மென்மையானது, ஆனால் ஃபெண்டரைக் கேட்ட காதுக்கு அது பின்னணிதான். டிரெமலோ இரண்டிலும் உண்டு. ஃபெண்டர் அதை 'வைப்ரேட்டோ' என்று எழுதியிருந்தாலும் அது சுரத்தை அசைப்பதில்லை, சத்தத்தைத்தான் ஏற்றி இறக்குகிறது. உள்ளே ஒரு நியான் விளக்கு துடிக்கிறது, அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஒரு ஒளி உணரும் ரெசிஸ்டர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஃபெண்டருக்குக் கால் ஸ்விட்ச் பெட்டியிலேயே வருகிறது, வாக்ஸுக்குத் தனியாக வாங்க வேண்டும்.

நடுவில் இரண்டு தொந்தரவு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பிரிப்பான் பெட்டி வழியாகக் கிட்டாரை இரண்டுக்கும் கொடுத்தேன். பெரிய முழக்கம், 'ஹ்ம்ம்' என்று. இரண்டு ஆம்பும் தனித்தனி எர்த் வழியாகவும், கிட்டார் கம்பி வழியாகவும் இணைந்து ஒரு வளையமாகிவிடுவதால் வருவது இது. இதைத் தீர்க்கச் சிலர் ஒரு ஆம்பின் எர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிற ஒரு பெட்டியின் உலோகச் சட்டத்தைக் கிட்டார் கம்பி வழியாக நம் கை தொட்டுக்கொண்டிருக்கிறது. எதிரில் எர்த்தோடு இணைந்த மைக். கோளாறு ஒன்று வந்தால் உயிர் போகும். ஒரு பக்கத்தில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மின் இணைப்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்துவது) உள்ள பிரிப்பான் பெட்டி போட்டதும் முழக்கம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் ஒலி மெலிந்து, கீழ்ச்சுரம் இல்லாமல் கேட்டது. ஃபெண்டரின் இரண்டு சேனலும் ஒன்றுக்கொன்று எதிர் திசையில் அலையை அனுப்புகின்றன. ஒரு சேனலிலிருந்து கிட்டாரை இன்னொன்றுக்கு மாற்றியதும் கூடமே நிரம்பியது. இரண்டு ஆம்ப் சேர்த்து வாசிக்கிறவர்கள் முதலில் இதைச் சோதியுங்கள்.

இரண்டாவது தொந்தரவுக்கு இரண்டு நாள் போனது. வாக்ஸில் ஐந்தாம் கம்பி, மூன்றாம் ஃபிரெட்டை வாசிக்கும்போது மட்டும் ஒரு 'ஜர்ர்'. வால்வு போய்விட்டது என்று முடிவுகட்டி, ஒவ்வொன்றாகப் பென்சில் முனையால் தட்டிப் பார்த்தேன். பின்பலகைத் திருகுகளை இறுக்கினேன். ஸ்பீக்கர் திருகுகளை இறுக்கினேன். நிற்கவில்லை. கடைசியில் மகள்தான் ஷோகேஸ் கண்ணாடியில் கையை வைத்தாள். சத்தம் நின்றது. அந்தச் சுரத்துக்கு அலமாரிக் கண்ணாடி கூடவே பாடியிருக்கிறது. நான் நடுவாந்திரச் சுரங்களை எழுப்பும் ஆம்பைக் கொண்டுவந்ததால் அது விழித்துக்கொண்டது. கண்ணாடி ஓரத்தில் நாலு துண்டு ஃபெல்ட் ஒட்டினேன். ஆம்பில் கை வைப்பதற்கு முன் கூடத்தைச் சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவது வாரம் எங்கள் பகுதியில் வால்வு ரேடியோக்களைச் சரிசெய்யும் பெரியவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். வாக்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தவுடன் சிரித்தார்.

"இஎல்84. இதை ரேடியோக்களில் நூற்றுக்கணக்கில் மாற்றியிருக்கிறேன், தம்பி. பெங்களூரிலேயே பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வு செய்த காலம் அது."

"இது ஏன் இவ்வளவு சூடாகிறது, மாமா?"

"சின்னக் கண்ணாடிக்குள் பெரிய வேலை. பின்னால் காற்றோட்டம் விட்டு வை, சுவரோடு ஒட்டாதே."

ஃபெண்டரில் எனக்கு ஒரு குறை: 3க்கும் 5க்கும் நடுவில் வால்யூம் குமிழ் மிகச் சீக்கிரம் தாவிவிடுகிறது. வாக்ஸில் இருந்த அந்த மெல்லிய ஏற்றம் இதிலும் வராதா என்று அவரிடம் கேட்டேன். வைப்ரேட்டோ சேனலின் முதல் வால்வை மாற்றச் சொன்னார். அங்கே 12ஏஎக்ஸ்7 இருக்கிறது, அதன் பெருக்கம் 100. அதே ஒன்பது பின்னில் 12ஏஒய்7 பொருந்தும், அதன் பெருக்கம் 44. 1950களில் ஃபெண்டர் தன்னுடைய ஆம்ப்களின் முதல் இடத்தில் வைத்ததும் இதைத்தான்.

ஆம்பை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வலது ஓரத்தில் இருப்பது முதல் வால்வு, அது நார்மல் சேனலுக்கு உரியது. அடுத்தது நமக்கு வேண்டியது. மேலே உள்ள உலோக மூடியை அழுத்தி லேசாகத் திருப்பினால் கழன்று வரும், உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். கண்ணாடியை விரல் நுனியால் பிடித்து, நேராக இழுக்காமல் சின்ன வட்டமாக அசைத்து அசைத்து எடுத்தேன். பின்களுக்கு நடுவில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளி அதிகம். புதியதை அந்த இடைவெளியைப் பார்த்துப் பொருத்த வேண்டும், தடுமாறி அழுத்தினால் பின் வளையும். இந்த வால்வுகளை மாற்ற பயாஸ் பார்க்கத் தேவையில்லை. பவர் வால்வான 6வி6ஐ மாற்றினால் ஃபெண்டரில் பயாஸை அளந்தே ஆக வேண்டும். அதற்குச் சட்டத்தைத் திறக்க வேண்டும், மின்தேக்கிகள் அணைத்த பிறகும் மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும். அந்த வேலையை நான் தொட மாட்டேன், அது அவருடையது.

போட்டதும் ஒலித்தது வேறு ஃபெண்டர். குமிழ் 6 வரை நிதானமாக ஏறுகிறது. உடையும்போது ஓரம் மழுங்கியிருக்கிறது. என் விரலுக்குக் கொஞ்சம் பதில் சொல்கிறது. வாக்ஸ் ஆகிவிடவில்லை, ஆனால் அதன் திசையில் ஓர் அடி நகர்ந்திருக்கிறது.

கடைசிச் சோதனை கூடத்துக்கு வெளியில். நான் வாரத்தில் பெரும்பாலும் பாடுகிறவர்களுக்குத் துணையாகத்தான் வாசிக்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு மெல்லிசைக் குழு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழு. சனிக்கிழமை வாக்ஸை எடுத்துப் போனேன். கீபோர்டு, டிரம்ஸ், இரண்டு பாடகர்கள். தனி வரி வாசிக்கும் இடங்களில் என் கிட்டார் யாருக்கும் பின்னால் போகவில்லை. ஒலிக் கலப்பாளர் கூடக் குறையாகச் சொல்லவில்லை. ஞாயிறு அதையே தேவாலயத்துக்குக் கொண்டுபோனேன். இருபது பேர் பாடுகிறார்கள், கீழே ஆர்கன். இரண்டாம் பாட்டிலேயே பாட்டுக் குழுத் தலைவி என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே இறக்கினார். சத்தத்தைக் குறைத்தேன், மறுபடி திரும்பிப் பார்த்தார். பிரச்சினை சத்தத்தில் இல்லை. பெண்களின் குரல் இருக்கிற அதே இடத்தில் என் கிட்டாரும் பேசிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு ஃபெண்டர். அந்தப் பள்ளத்துக்குள் குரல்கள் போய் உட்கார்ந்துகொண்டன. கிட்டார் அவர்களுக்கு மேலே மினுங்கியது, கீழே தாங்கியது, நடுவில் வழிவிட்டது. தலைவி ஒருமுறைகூடத் திரும்பவில்லை. வீட்டில் தனியாகக் கேட்கும்போது குறையாகத் தெரிந்த அந்த வெறுமைதான் அங்கே எனக்கு வேண்டியிருந்தது.

ஃபெண்டரை வைத்துக்கொண்டேன். இப்போது அதன் முன்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடல் நிற்கிறது, நடு அலைவரிசையை மேட்டாக்கித் தருவது. தனி வரி வரும் இடத்தில் மட்டும் அதை மிதிக்கிறேன். ஃபெண்டரின் பள்ளமும் பெடலின் மேடும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்துகின்றன.

நண்பனிடம் பொய் சொல்லாமல் சொன்னேன்: தனியாகவோ, மூன்று பேர் குழுவிலோ வாசிப்பவனாக இருந்தால் யோசிக்காமல் உன்னுடையதை வாங்கியிருப்பேன் என்று. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், பெடல் எதுவும் இல்லாதவன், அதை வாங்க வந்தான். எங்கள் கூடத்திலேயே செருகிக் கொடுத்தேன். அவன் குமிழ்களை எல்லாம் 10க்குத் திருப்பப் போனான். கையைப் பிடித்து நிறுத்தி, டிரெபிளை 4லும் பேஸை 3லும் வைத்து, மாஸ்டரைப் பாதியில் நிறுத்தி, டோன் கட்டைக் கால் திருப்பில் விட்டேன். கிட்டாரின் வால்யூமை 6க்கு இறக்கி ஒரு கார்டு, 10க்கு ஏற்றி அதே கார்டு வாசிக்கச் சொன்னேன். அவன் மூன்றாவது முறையும் அதையே செய்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்த எண்களை ஒரு தாளில் எழுதி ஆம்பின் பின்பலகைக்குள் மடித்துவைத்தேன், வால்வுகளிலிருந்து தள்ளி.